படங்கள் வந்து சேர்ந்துவிடும், பெயர்கள் வருமா?

கடை இடம் மாற்றுவது வியாபாரிக்குப் பெரிய விடயமல்ல. சாமான்களை லொறியில் ஏற்றி, புதிய இடத்து இறாக்கைகளில் அடுக்கினால் மறுநாள் காலை கதவு திறக்கலாம். ஆனால் கடன் கொப்பி பழைய கடையின் மேசை லாச்சிக்குள்ளேயே தங்கிவிட்டால் என்ன செய்வது? சாமான் ஒன்றும் குறையாது. யார் எவ்வளவு தரவேண்டும் என்ற விபரம் மட்டும் கையில் இராது. கணனியில் ஒழுங்குபடுத்தி வைத்த புகைப்படங்களை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொரு மென்பொருளுக்கு மாற்றும்போது பலருக்கு நடப்பது இதுதான்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திக்கொண்டது. பழைய கணனிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. ஆகவே பதுளை நகரில் ஸ்டூடியோ நடத்துவோரும், பள்ளிவாசல் நிர்வாகத்தினரும், பசறை, லுணுகலைப் பக்கத்துப் பாடசாலை ஆசிரியர்களும் புதுக் கணனி வாங்குவதைப் பற்றி விசாரிக்கிறார்கள். என்னிடம் வந்து கேட்பவர்களின் பழைய கணனியைத் திறந்து பார்த்தால் அநேகமாக அதில் பிக்காசா இருக்கிறது.

பிக்காசாவை 2002 இல் லைப்ஸ்கேப் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்டது. 2004 ஜூலையில் கூகுள் அதை வாங்கி இலவசமாக வழங்கியது. சாதாரணக் கணனியிலும் வேகமாக ஓடியது, இணைய வசதி தேவைப்படவில்லை. எமது பகுதியில் அன்று இணையம் இருந்த நிலைக்கு இதைவிடப் பொருத்தமான மென்பொருள் கிடையாது. 2009 செப்டெம்பரில் முகங்களைப் பார்த்துப் பெயரிடும் வசதியும் வந்தது. 2016 பெப்ரவரியில் கூகுள் இதைக் கைவிடுவதாக அறிவித்து, மார்ச் நடுப்பகுதியோடு ஆதரவை நிறுத்தியது. ஏற்கனவே கணனியில் ஏற்றியிருந்தவர்களுக்கு அது தொடர்ந்து வேலை செய்ததால் யாரும் அவசரப்படவில்லை. பத்து வருடங்கள் ஓடிவிட்டன.

பிக்காசாவுக்கு மட்டும் நேர்ந்த கதையல்ல இது. அப்பிள் நிறுவனம் அப்பேச்சர் என்ற தனது மென்பொருளை 2015 இல் விற்பனையிலிருந்து எடுத்தது. மைக்ரோசொப்டின் போட்டோ கெலரி 2017 ஜனவரி 10 உடன் முடிந்தது. மென்பொருளின் ஆயுள் குறைவு. படத்தின் ஆயுளோ ஒரு குடும்பத்தின் ஆயுள்.

எங்கள் பகுதியில் இதன் பெறுமதியை வெளியூர்க்காரர் இலகுவில் உணரமாட்டார். என் கடையில் எழுதுகருவிகளோடு போட்டோ பிரிண்டும் உண்டு. 2005 முதல் சேர்ந்த படங்கள் ஏறக்குறைய நாற்பதாயிரம். தோட்டத்துக் கலியாணம், சடங்கு வீடு, கோயில் திருவிழா, பாடசாலைப் பரிசளிப்பு, மத்ரஸாப் பட்டமளிப்பு, ஹஜ் வழியனுப்பு என்று எல்லாம் கலந்தவை. தோட்டத்திலிருந்து படம் கேட்டு வருகிறவர் திகதி சொல்லமாட்டார். “மொதலாளி, எங்கப்பா படம் ஒன்னு ஒங்ககிட்ட இருக்குமா? ஸ்பிரிங்வேலி, மேப்பிரிவு. மூத்தவ சடங்குக்கு எடுத்தது” என்பார். வருடம் கேட்டால் விரல் விட்டு எண்ணி, மகளின் வயதிலிருந்து கழித்துச் சொல்வார். ஆகவே எமக்குத் தேவை தோட்டம், பிரிவு, வீட்டுக்காரர் பெயர், நிகழ்ச்சி என்ற ஒழுங்கு. இன்றைய கைத்தொலைபேசி மென்பொருட்கள் எல்லாவற்றையும் திகதிப்படி வரிசையாகக் காட்டிவிட்டு அதையே ஒழுங்கு என்கின்றன. அந்த ஒழுங்கை வைத்துக்கொண்டு இந்த மனிதருக்குப் படம் எடுத்துக் கொடுக்க முடியாது.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எத்தனை பேர் காணாமற்போனார்கள் என்பதற்கே நாட்கணக்கில் வெவ்வேறு எண்ணிக்கைகள் சொல்லப்பட்டன. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி மீண்டும் பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகளைக் கொண்டு வந்தது. லயக் காம்பிராவில் வாழும் குடும்பத்துக்கு அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சுவரில் மாட்டிய படம் எல்லாம் ஒரே அறைக்குள். போனால் ஒன்றாகவே போகும். அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் பிரதி கொடுக்க அரச காரியாலயம் உண்டு. மௌத்தாகிவிட்ட தகப்பனின் படத்துக்குப் பிரதி கொடுக்கக்கூடிய ஒரே இடம், அதை எடுத்த ஸ்டூடியோ. அங்கே படம் இருந்தும் பெயர் இல்லையென்றால், நாற்பதாயிரத்தில் ஒன்றைத் தேடி எடுப்பது எப்படி?

எனவே முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, நாம் எழுதிய பெயர் எங்கே இருக்கிறது என்பது. பழைய காலத்து அச்சுப் படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் பெயரெழுதி வைப்போம். படம் எங்கே போனாலும் பெயரும் கூடவே போகும். டிஜிட்டல் படத்திலும் அப்படி ஒரு பின்பக்கம் உண்டு. எடுத்த திகதி, நேரம், கமராவின் விபரம் ஆகியவற்றைக் கமராவே அதில் எழுதும். எக்சிப் எனப்படும் இந்த முறை 1995 இல் ஜப்பானில் வந்தது. தலைப்பையும் பெயரையும் நாம் எழுதுவதற்கு ஐ.பி.ரீ.சி. என்ற இடம் இருக்கிறது. அந்த நான்கெழுத்துச் சுருக்கத்துக்குரிய சர்வதேசப் பத்திரிகைச் சபை 1965 இல் அமைக்கப்பட்டது. செய்திப் படம் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுப் பத்திரிகைக்குப் போகும்போது யாருடைய படம் என்ற விபரமும் கூடப் போகவேண்டும் என்பது அவர்களுடைய தேவை. எமது தேவையும் அதுதான். 2001 இல் அடோபி நிறுவனம் எக்ஸ்.எம்.பி. என்ற விரிவான முறையைக் கொண்டுவந்தது. இன்றைய நல்ல மென்பொருட்கள் அனைத்தும் இதை வாசிக்கும்.

இன்னொரு இடம், மென்பொருள் தனக்கென வைத்திருக்கும் கொப்பி. அதை வேறு மென்பொருள் வாசிக்காது. பெயர் அங்கே மட்டும் இருந்தால் மாறும்போது போய்விடும்.

பிக்காசா இரண்டு வேலையும் செய்தது. படத்தின் கீழே நாம் எழுதிய தலைப்பையும், டேக் எனப்படும் குறிச்சொல்லையும் ஜேபெக் படத்தின் உள்ளேயே எழுதிவிடும். அவை பத்திரம். ஆனால் அல்பம், நட்சத்திரக் குறி இரண்டையும் தன் கொப்பியில்தான் வைத்தது. வெளிச்சம் கூட்டியது, ஓரம் வெட்டியது போன்ற திருத்தங்களும் அப்படியே. ஒவ்வொரு போல்டரிலும் பிக்காசா.ஐ.என்.ஐ. என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு கோவை இருக்கும். இவற்றில் பல அதற்குள்தான். முழுப் போல்டரையும் கொப்பி செய்தால் அதுவும் சேர்ந்து வரும். போல்டரைத் திறந்து படங்களை மட்டும் தெரிவுசெய்து பென் டிரைவில் போட்டால் அது பின்தங்கிவிடும். எத்தனையோ பேர் இரண்டாவது விதமாகத்தான் செய்கிறார்கள். முகங்களுக்கு இட்ட பெயர்களும் சாதாரணமாகப் படத்துக்குள் போகாதவை. அதற்குத் தனியாக ஆணையிடவேண்டும்.

நான் செய்த ஒழுங்கைச் சொல்கிறேன். எதையும் தொடுமுன் முழுவதையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, அதை வீட்டு அலுமாரியில் வைத்தேன். கடையில் வைத்தால் கடைக்கு நேர்வது அதற்கும் நேரும். பிறகு பழைய கணனியில், பிக்காசாவுக்குள் இருந்தபடியே வேலையைத் தொடங்கினேன். ஒவ்வொரு அல்பத்தையும் திறந்து, அதிலுள்ள எல்லாப் படங்களையும் தெரிவுசெய்து, அல்பத்தின் பெயரையே குறிச்சொல்லாக இட்டேன். கன்ட்ரோல் விசையோடு ரீ விசையை அழுத்தினால் அதற்கான பெட்டி திறக்கும். அல்பம் அழிந்தாலும் அதன் பெயர் இப்போது படத்தின் பின்பக்கத்தில் ஏறிவிட்டது. நட்சத்திரமிட்ட படங்களை மட்டும் காட்டச் சொல்லி, அவற்றுக்கும் ‘நல்ல பிரதி’ என்றொரு குறிச்சொல் இட்டேன். பெரிய அளவில் பிரிண்ட் போடக்கூடியவை அவை. கடைக்கு வருமானம் தருபவையும் அவையே.

முகப் பெயர்களுக்கு, 3.9 ஆம் பதிப்பில் டூல்ஸ் பகுதிக்குள் ஒப்ஷன்ஸைத் திறந்து, நேம் டேக்ஸ் என்ற இடத்தில் பெயர்களைப் படத்திலேயே சேமிக்கும்படி அடையாளமிட வேண்டும். ஏற்கனவே இட்ட பெயர்களுக்கு அது போதாது. அதே டூல்ஸில் எக்ஸ்பெரிமென்டல் என்பதற்குள் முகங்களை எக்ஸ்.எம்.பி. இல் எழுதும் ஆணை இருக்கிறது. அதை அழுத்திவிட்டு இராத்திரி முழுக்கக் கணனியை ஓடவிடலாம். மின்சாரம் போகாத இராத்திரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருத்திய படங்களில் ஒரு சிக்கல் உண்டு. பிக்காசாவில் ‘சேவ்’ செய்யாத திருத்தங்கள் வேறு மென்பொருளில் தெரியாது. பழைய மங்கலான படம்தான் வரும். சேவ் செய்தால் திருத்திய படம் முன்னுக்கு வந்து, மூலப்படம் மறைவான ஒரு போல்டருக்குள் போகும். மூலத்தை விடவேண்டாம், அதுவும் வரட்டும். சில மென்பொருட்கள் இரண்டையும் காட்டி இரட்டையாகத் தோன்றச் செய்யும். அது ஒரு நட்டமல்ல.

இனி எழுத்து விடயம். தமிழில் வேலை செய்பவனுக்கு இதுதான் பெரிய தலையிடி. எமது நாட்டில் அச்சகங்களும் ஸ்டூடியோக்களும் பாமினி எழுத்துருவில் பழகியவை. பாமினியில் தட்டும்போது கணனிக்குள் பதிவது ஆங்கில எழுத்துக்களே. அந்த எழுத்துருவை இட்டுப் பார்த்தால் மட்டும் தமிழாகத் தெரியும். பட இலக்கம், வீட்டுக்காரர் பெயர், தோட்டம் என்று எக்செல்லில் பாமினியில் பட்டியல் வைத்திருப்பவர்கள், அதை அப்படியே புதிய மென்பொருளுக்குக் கொண்டுபோனால் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்தும் கலந்த குப்பைதான் கிடைக்கும். முதலில் யுனிகோடுக்கு மாற்றவேண்டும். மாற்றித் தரும் இலவச வசதிகள் இணையத்தில் உள்ளன. மாற்றியபின் ஒருவர் கண்ணால் வாசித்துப் பார்ப்பது கட்டாயம். யுனிகோடை அடிப்படையாகக் கொண்ட தமிழ் எழுத்துக் குறியீட்டு நியமம் இலங்கையிலேயே எஸ்.எல்.எஸ். 1326 என்று 2008 இல் வந்துவிட்டது. கடைகளுக்குள் இன்னும் முழுமையாக வரவில்லை என்பது வேறு கதை.

யுனிகோடிலும் ஒரு பொறி உண்டு. பழைய ஐ.பி.ரீ.சி. முறையில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட் இடம்தான். ஆங்கிலத்தில் அது 64 எழுத்து. தமிழிலோ ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் செலவாகும், கொம்பும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. ‘ஸ்பிரிங்வேலி தோட்டம்’ என்பதற்கு இடைவெளியோடு சேர்த்து 58 பைட் போய்விடும். அதன் பின்னால் ‘மேற்பிரிவு’ என்று சேர்த்தால் இடம் போதாது. சில மென்பொருட்கள் மிச்சத்தை வெட்டிவிடும். ஆகவே தோட்டத்துக்கு ஒரு குறிச்சொல், பிரிவுக்கு ஒன்று என்று பிரித்து எழுதுங்கள். நீளமான விபரம் தலைப்பில் போகட்டும், அங்கே இடம் தாராளம். இன்னும் சில பழைய மென்பொருட்கள் தமிழைக் கண்டால் வரிசையாகக் கேள்விக்குறி போடும். ஆகவே ஐம்பது படத்தை மட்டும் முதலில் மாற்றிப் பாருங்கள். தமிழ்த் தலைப்பு உள்ளவை, சிங்களத்தில் எழுதியவை, முகப் பெயர் உள்ளவை, ஸ்கேன் செய்த பழைய படம் என்று கலந்து எடுங்கள். ஸ்கேன் செய்த படத்தில் எடுத்த திகதி இராது அல்லது ஸ்கேன் செய்த திகதி இருக்கும். 1978 இல் எடுத்த கலியாணப் படம் 2011 இல் போய் நிற்கும்.

பெயர்களை ஒருமுகப்படுத்துவதையும் இதோடு முடித்துவிடலாம். ஒரே தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், தொழிலாளர் வாயில் ஒரு தமிழ்ப் பெயர், சிங்களத்தில் இன்னொன்று இருக்கலாம். கடையில் வேலை செய்த பையன்கள் ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். பசறை ஒன்றில், பஸ்ஸறை இன்னொன்றில். ஒரு கொப்பியில் சரியான பெயரைத் தீர்மானித்து, மாற்றுப் பெயர்களை அதன் பக்கத்தில் எழுதிக்கொண்டு திருத்தினால், தேடும்போது எல்லாம் ஒரே இடத்தில் வரும்.

எந்த மென்பொருளுக்கு மாறுவது? நான் டிஜிகாமுக்கு மாறினேன். இலவசம், விண்டோஸிலும் ஏனையவற்றிலும் ஓடும். ஹார்ட் டிஸ்க்கிலுள்ள போல்டர்களையே அல்பமாகக் காட்டும். பிக்காசா எக்ஸ்.எம்.பி. இல் எழுதிய முகப் பெயர்களை வாசிக்கும். பழகக் கொஞ்சம் கடினம், தோற்றமும் பிக்காசாவைப் போல் கண்ணுக்கு இதமில்லை. ஏற்றியவுடன் அதன் அமைப்புப் பகுதியில் மெட்டாடேட்டா என்பதைத் திறந்து, குறிச்சொல், தலைப்பு, முகப் பெயர் மூன்றையும் படத்துக்குள் எழுதும்படி அடையாளமிடுங்கள். இல்லாவிட்டால் இதுவும் தன் கொப்பியில் மட்டும் எழுதத் தொடங்கும். அடோபியின் லைட்ரூம் தொழில்முறைக்காரருக்கு நல்லது. ஆனால் மாதாமாதம் டொலரில் கட்டவேண்டும். 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியதைக் கண்டவர்கள் நாம். ரூபாயில் உழைப்பவன் டொலரில் மாதக் கட்டணம் ஏற்பதற்கு முன் இரண்டு தடவை யோசிக்கவேண்டும்.

கூகுள் போட்டோஸைப் பலர் கேட்கிறார்கள். 2015 மே மாதத்தில் அது வந்தபோது, ஓரளவு சுருக்கிய படங்களை எவ்வளவும் இலவசமாக வைக்கலாம் என்றார்கள். 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை இல்லை. இலவசமாகக் கிடைப்பது மின்னஞ்சலோடு சேர்த்து 15 ஜிகாபைட். ஒரு படம் 3 மெகாபைட் என்று வைத்தாலும் ஐயாயிரம் படத்தோடு முடிந்துவிடும். எனக்கோ 120 ஜிகாபைட் வேண்டும். குறிச்சொல் இடும் ஏற்பாடு அதில் இல்லை. அதில் எழுதிய விபரங்களைத் திரும்ப எடுக்கும்போது அவை படத்துக்குள் இராமல் பக்கத்தில் தனிக் கோவையாக வரும். ஏற்கனவே அங்கே வைத்திருப்பவர்கள் டேக்அவுட் மூலம் எடுக்கும்போது அந்தச் சிறு கோவைகளை வீண் என்று நினைத்து அழித்துவிட வேண்டாம். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பி இடமாற்றுவது இன்னும் மோசம். பின்பக்கத்தில் எழுதியது எல்லாவற்றையும் அது துடைத்துவிடும். அனுப்பத்தான் வேண்டுமென்றால் டொகியுமென்டாக அனுப்புங்கள்.

படம் எடுக்கலாமா கூடாதா என்ற மஸ்அலாவுக்குள் நான் போகவில்லை, அது உலமாக்களின் வேலை. ஆனால் எடுத்த படம் அமானிதம். நிக்காஹ் வீட்டில் பெண்கள் பகுதியில் எடுத்த படங்களை, அந்த வீட்டாருக்குச் சொல்லாமல் வெளிநாட்டுக் கணனி ஒன்றில் ஏற்றுவதற்கு எமக்கு என்ன உரிமை? அந்த முகங்களைப் பிரித்துப் பெயரிடும் வேலையும் அங்கே நடக்கலாம். டிஜிகாம் அந்த வேலையைக் கடைக் கணனிக்குள்ளேயே செய்கிறது, வெளியே அனுப்புவதில்லை. நான் அதைத் தெரிவுசெய்ய விலையைவிட இதுவே பெரிய காரணம். 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் முகம், விரலடையாளம் போன்ற உடல் அடையாளத் தரவுகளை விசேட வகையாகவே குறிப்பிடுகிறது. பெண்கள் பகுதிப் படங்களைத் தனிப் போல்டரில், கடவுச்சொல்லுள்ள தனி டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். கேட்டு வருபவர் அந்த வீட்டுக்காரர் என்று தெரிந்தால்தான் திறப்பேன். மாற்றும்போது அந்த டிஸ்க்கைக் கடைப் பையன்களிடம் கொடுக்கவில்லை.

செலவு என்று பார்த்தால் மென்பொருளுக்கு ஒரு சதமும் இல்லை. வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கினேன். பெரிய செலவு நேரம். கடை மூடியபின் தினமும் இரண்டு மணித்தியாலம், கலியாணக் காலம் இல்லாத மாதமாகப் பார்த்து, ஆறு வாரம் எடுத்தது. சீடியில் பழைய படங்கள் வைத்திருப்பவர்கள் அதைத்தான் முதலில் தொடங்கவேண்டும். எமது ஈரலிப்பில் சீடி நீண்ட காலம் தாங்காது.

மாற்றி முடிந்ததும் போல்டருக்குப் போல்டர் படங்களின் எண்ணிக்கையை இரு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு பழைய கணனியை உடனே விற்றுவிடாமல் ஒரு வருடமாவது ஓடும் நிலையில் வைத்திருங்கள். தீபாவளி, இரண்டு பெருநாள், பாடசாலைப் பரிசளிப்பு எல்லாம் ஒரு சுற்று வந்தால்தான் எது வரவில்லை என்று வாடிக்கையாளர் கேட்பார். விற்கும் நாளில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு பெட்டியை மட்டும் கொடுங்கள். வாங்குபவர் விலையில் கொஞ்சம் குறைப்பார், குறைத்துவிட்டுப் போகட்டும்.